பெட்டிக்குள் ஓர்கிட் கொண்டுவரலாமா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் அறுபது எழுபது ஓர்கிட் தொங்குகின்றன. இது தெரிந்தவர்கள் பாங்கொக், சிங்கப்பூர், சென்னை என்று டிக்கெட் போட்ட கையோடு எனக்குப் போன் எடுக்கிறார்கள். "அன்ரி, வரும்போது ரெண்டு செடி கொண்டுவரலாமோ?" ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் கதைத்துக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. செடி வளர்க்கிறவள். ஒருமுறை கட்டுநாயக்க விமான நிலையத்தில் செடியைப் பறிகொடுத்தவளும்கூட.

பாங்கொக்கில் ஓர்கிட் கொள்ளை மலிவாம். இரண்டு செடியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வரலாமா?

தாள், அதாவது பேர்மிட்டும் சான்றிதழும், இருந்தால் வரலாம். தாள் இல்லாவிட்டால் வரக்கூடாது. ஆட்கள் பிழை விடுவது தாள் எடுக்கிற நேரத்தில்தான். இங்கே வந்து இறங்கியபிறகு அந்தத் தாள்களை எடுக்க முடியாது. ஒன்றை நீங்கள் விமானம் ஏறுமுன் இந்த நாட்டிலேயே எடுக்க வேண்டும். மற்றவற்றைச் செடி புறப்படுமுன் அந்த நாட்டில் எடுக்க வேண்டும். கடைசி நாள் சந்தைக்குள் நுழைந்து, ஆசைப்பட்டு வாங்கி, அன்றிரவே விமானம் ஏறுகிறவருக்கு இது சரிவராது.

ஒரு பூச்செடிக்கு இவ்வளவு கெடுபிடியா?

இரண்டு தனித்தனிச் சட்டங்கள் ஒரே செடியின் மேல் விழுகின்றன. ஒன்று, அருகிப்போகும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை. அந்தச் செடி காட்டிலிருந்து பிடுங்கப்பட்டதா, தோட்டத்தில் பிறந்ததா என்பதுதான் அதன் கேள்வி. மற்றது தாவரத் தடுப்புக்காப்பு, நாங்கள் குவாரண்டைன் என்கிறோமே, அது. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்குரியது. செடியோடு சேர்ந்து பூச்சியோ பூஞ்சணமோ வைரசோ வருகிறதா என்பது மட்டுமே அதற்குக் கவலை. செடி அரியதா சாதாரணமானதா என்று அது பார்ப்பதில்லை.

ஒன்றிலிருந்து விலக்குக் கிடைத்தால் மற்றதிலிருந்தும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள்.

குவாரண்டைன் எல்லாம் சும்மா கரைச்சல் என்று சொல்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2008இல் கம்பஹாப் பக்கம் முதலில் கண்ட வெள்ளைப் பஞ்சுப் பூச்சி, அந்தப் பப்பாசி மாப்பூச்சி, கொஞ்சக் காலத்திலேயே கொழும்பு முழுக்கப் பப்பாசியையும் அரலியையும் வெள்ளையடித்துவிட்டதே. அது இந்த மண்ணின் பூச்சி இல்லை. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்காப் பக்கத்தது. அதை அடக்க அதன் எதிரியான ஒரு குளவியையே பிறகு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. இன்னும் பழைய கதை வேண்டுமென்றால் 1869இல் தலைகாட்டிய கோப்பி இலைத்துரு. இந்த நாட்டின் கோப்பித் தோட்டங்களை அழித்து, மலையைத் தேயிலைக்கு மாற்றியது ஓர் இலைப் பூஞ்சணம்.

சைட்டிஸ் என்றால் என்ன?

1973 மார்ச் 3ஆம் திகதி வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை. இலங்கை 1979இல் சேர்ந்தது. இந்தியா அதற்கு முன்னரே, 1976இல். இங்கே அதற்குப் பொறுப்பு பத்தரமுல்லவில் இருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். யானைத் தந்தம், ஆமை ஓடு என்று செய்தியில் கேள்விப்படுகிறோம். ஆனால் சைட்டிஸ் பட்டியலில் உள்ள இனங்களை எண்ணினால் பாதிக்கும் மேல் ஓர்கிட்தான். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது.

இந்த உடன்படிக்கை நாடுகளின் 18ஆவது பெருமாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அது ஆகஸ்டில் ஜெனீவாவுக்குப் போய்விட்டது. நடந்திருந்தால், இந்தச் சட்டத்தைப் பற்றி ஊரில் இன்னும் பத்துப் பேருக்காவது தெரிந்திருக்கும்.

முதலாம் பட்டியல், இரண்டாம் பட்டியல் என்கிறார்களே?

ஓர்கிட் குடும்பம் மொத்தமும், இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வியாபாரம் செய்யலாம், ஆனால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் பேர்மிட் வேண்டும். கொஞ்சத்தை மட்டும் பிரித்து முதலாம் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் காட்டுச் செடியை வியாபாரத்துக்காக எல்லை தாண்டவே விடமாட்டார்கள். ஆராய்ச்சி போன்ற தேவைக்கென்றால் இறக்குமதி பேர்மிட், ஏற்றுமதி பேர்மிட் இரண்டும் வேண்டும். அதிலும் இறக்குமதி பேர்மிட் கையில் வந்தபிறகுதான் அந்த நாடு ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கும்.

முதலாம் பட்டியலில் உள்ளதே ஆனாலும், தோட்டத்தில் விதையிலிருந்தோ இழைய வளர்ப்பிலிருந்தோ (செடியின் சிறு துண்டைப் போத்தலுக்குள் வளர்த்தெடுப்பது) உருவாக்கி விற்கும் செடியை இரண்டாம் பட்டியல் செடிபோல நடத்துவார்கள். ஆசைப்பட்டதை நேர்வழியில் வாங்க இருக்கும் கதவு இதுதான்.

எவை எவை முதலாம் பட்டியலில்?

முக்கியமாகப் பாதணி ஓர்கிட்கள். பூவின் உதடு செருப்பு முனைபோலக் குழிந்திருக்கும் வகை. ஆசியாவின் பாஃபியோபெடிலம் இனங்கள் எல்லாம், மத்திய, தென்னமெரிக்காவின் ஃபிரக்மிபெடியம் இனங்கள் எல்லாம். இவற்றுக்குப் புறம்பாகச் சிவப்பு வண்டா என்கிற ரெனாந்தெரா இம்ஸ்கூட்டியானா, டென்ட்ரோபியம் குருவென்டம், பனாமாவின் தேசிய மலரான பெரிஸ்தேரியா எலாட்டா, மடகஸ்காரின் ஏராங்கிஸ் எல்லிசி, இன்னும் சில. நீல வண்டா முன்பு இதில் இருந்தது. 2004இல் பாங்கொக்கில் நடந்த மாநாட்டில் இரண்டாம் பட்டியலுக்கு இறக்கினார்கள்.

சந்தையில் "ஸ்லிப்பர், ஸ்லிப்பர்" என்று கூவி விற்றால் அது பாதணி ஓர்கிட்டாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் காலைப் பின்னுக்கு வையுங்கள்.

அரிய இனங்களை மட்டும் பட்டியலில் போடாமல் ஏன் முழுக் குடும்பத்தையும் போட்டார்கள்?

பூக்காத ஓர்கிட்டைக் கையில் கொடுத்து என்ன இனம் என்று கேட்டால் எனக்கே பாதி தெரியாது. சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நாலு இலை, ஏழெட்டு வேர், அவ்வளவுதான். அரியதைச் சாதாரணமானதற்குள் ஒளித்துக் கொண்டுபோவது மிக லேசு. எல்லாவற்றுக்கும் தாள் கேட்டால் அந்த வித்தை செல்லாது.

நான் வாங்குவது கலப்பினம்தான். அதற்கும் வேண்டுமா?

வேண்டும், ஒரு சின்ன விலக்கோடு. பெற்றோரில் ஒன்று பட்டியலில் இருந்தால் பிள்ளைக்கும் பட்டியல் பொருந்தும் என்பதுதான் பொது விதி. ஓர்கிட்டில் எல்லாப் பெற்றோரும் பட்டியலில்தானே!

விலக்கு சிம்பிடியம், டென்ட்ரோபியம், ஃபலனொப்சிஸ், வண்டா ஆகிய நான்கு பேரினங்களின் தோட்டத்துக் கலப்பினங்களுக்கு மட்டும். அதிலும் இரண்டு வழி. பூக்காத செடி என்றால் ஒரு பெட்டிக்குள் ஒரே கலப்பினத்தில் 20 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்க வேண்டும். எந்தக் கலப்பினம் எத்தனை என்று எழுதிய பில்லும் கூடவே வர வேண்டும். பூத்த செடி என்றால் எண்ணிக்கை பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பூவாவது முழுதாக விரிந்திருக்க வேண்டும். கடையில் விற்கிற மாதிரி, கலப்பினத்தின் பெயரும் நாடும் அச்சடித்த லேபலோ உறையோ இருக்க வேண்டும். ஒரு நிபந்தனை சந்தேகமாக இருந்தாலும் விலக்கு இல்லை, பேர்மிட்தான்.

ஆக, நடைபாதைக் கடையில் பேப்பரில் சுற்றித் தரும் மூன்று பூக்காத டென்ட்ரோபியத்துக்கு இந்த விலக்குக் கிடைக்காது. விமான நிலையக் கடையில் அச்சடித்த பெட்டியில் பூத்து நிற்கும் வெள்ளை ஃபலனொப்சிசுக்குச் சைட்டிஸ் கேட்காமல் விடலாம். குவாரண்டைன் விடாது. இதை இன்னும் ரெண்டு தரம் சொல்வேன், கோபிக்க வேண்டாம்.

போத்தல் செடி என்றால் பேர்மிட் தேவையில்லை என்கிறார்களே?

சைட்டிஸைப் பொறுத்தவரை உண்மைதான். கண்ணாடிப் போத்தலுக்குள் ஜெலி போன்ற ஊடகத்தில், கிருமியில்லாமல் மூடி வைத்த நாற்றுக்கு இரண்டாம் பட்டியல் இனங்களில் முழு விலக்கு. விதைக்கும் மகரந்தத் திரளுக்கும் அப்படியே. பாதணி ஓர்கிட் போன்ற முதலாம் பட்டியல் இனமென்றால், அந்த நாற்று சட்டப்படி வைத்திருந்த தாய்ச்செடியிலிருந்து செயற்கையாக வளர்த்ததாக இருந்தால் மட்டும் விலக்கு. காட்டில் களவாய்ப் பிடுங்கிய செடியின் விதையைப் போத்தலில் போட்டால் களவு கழுவுப்படாது.

புது இனங்கள் வேண்டுமென்று நிற்பவர்களுக்கு நான் காட்டும் வழி இதுதான். பூச்சி வருவதற்கும் இடமில்லை, மண்ணும் இல்லை. ஆனால் இங்கேயும் தாவர இறக்குமதி பேர்மிட்டை முன்கூட்டி எடுங்கள். போத்தலை உடைத்து நாற்றை வெளியே எடுத்தபின் கொழும்பு வெக்கையில் பாதி அழுகும், அதற்கும் மனதைத் தயார் பண்ணுங்கள். முதல்தரம் என்னிடம் 30 நாற்றில் 7தான் மிஞ்சியது.

சரி, முறைப்படி கொண்டுவருகிறேன். கொழும்பில் எங்கிருந்து தொடங்குவது?

செடியின் பெயரிலிருந்து. "ஊதா நிறப் பூ" என்று எழுதிக் கொடுத்தால் ஒருவரும் பேர்மிட் தரமாட்டார்கள். தாவரவியல் பெயர், எத்தனை செடி, எந்த நாட்டின் எந்த நர்சரி, வீட்டுக்கா விற்பனைக்கா என்பதெல்லாம் வேண்டும். அதனால் பயணத்துக்குப் பல கிழமைகள் முன்பே அந்த நர்சரியோடு எழுதிப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். சந்தைக் கடை இதற்கு உதவாது. ஏற்றுமதி செய்து பழகிய, தாள் எடுத்துத் தரும் நர்சரிதான் வேண்டும்.

அடுத்தது விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை. கட்டுநாயக்கவில் விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. தாவர இறக்குமதி பேர்மிட் விஷயம் அங்கே. பேர்மிட்டில் நிபந்தனைகள் எழுதியிருக்கும். மண் ஒட்டியிருக்கவே கூடாது என்பது அதில் தலையானது. அந்தப் பேர்மிட்டின் பிரதியை நர்சரிக்கு அனுப்புங்கள். அவர்கள் தங்கள் நாட்டு அதிகாரிகளிடம் செடியைக் காட்டி, நோய் பூச்சி இல்லை என்று சொல்லும் தாவர சுகாதாரச் சான்றிதழும், சைட்டிஸ் ஏற்றுமதி பேர்மிட்டும் எடுக்க வேண்டும். தாய்லாந்தில் இரண்டுக்குமே அவர்களுடைய விவசாயத் திணைக்களம்தான், அதனால் கொஞ்சம் சுகம்.

பாதணி ஓர்கிட் போல முதலாம் பட்டியலில் உள்ளது என்றால், காசு கட்டுமுன் பத்தரமுல்லவுக்குப் போய் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள். வாயால் கேட்டதோடு நிற்காமல் பதிலை எழுத்தில் வாங்குங்கள். சைட்டிஸ் கேட்பது குறைந்தபட்சம். ஒரு நாடு அதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதற்கு உரிமை உண்டு.

வந்து இறங்கியதும் சுங்கத்தில் சிவப்பு வழியால், காட்ட வேண்டிய பொருள் இருக்கிறவர்கள் போகும் வழியால், போங்கள். "ஒன்றும் இல்லை" என்று பச்சை வழியால் நடந்தபிறகு, தாளை மடியில் வைத்திருந்தாலும் உங்கள் பக்கம் நியாயம் குறைந்துவிடும். தடுப்புக்காப்பு அதிகாரி செடியைப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் வேனுக்காரன் வெளியே காத்திருக்கிறான் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

சைட்டிஸ் பேர்மிட் கைக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பெயர், எண்ணிக்கை, திகதி. ஏற்றுமதி பேர்மிட் ஆறு மாதத்துக்குமேல் செல்லாது. ஐந்து செடிக்கு எழுதிய தாளோடு ஆறு செடி வந்தால் ஆறாவது கடத்தல்தான், "கடைக்காரர் சும்மா தந்தது" என்று சொல்லிப் பயனில்லை. பிறகு, செடியின் பூர்வீகத்தைக் காட்டும் ஓர் எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் செயற்கையாகப் பெருக்கியது. 'டி' என்றால் முதலாம் பட்டியல் இனத்தை வியாபாரத்துக்காகப் பெருக்கியது. 'டபிள்யூ' என்றால் காட்டில் எடுத்தது. 'டபிள்யூ' கண்டால் நான் வாங்கமாட்டேன், பேர்மிட் சரியாக இருந்தாலும். இது சட்டம் இல்லை, என் பிடிவாதம்.

தாள் இல்லாமல் வந்தால் உண்மையில் என்ன நடக்கும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், வெளிநாட்டுச் சந்தை ஒன்றில் ஒரு மஞ்சள் டென்ட்ரோபியம். "தாள் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே பொலித்தீன் பைக்குள் ஒரு கடதாசியைச் செருகினாள். அவர்கள் எழுத்து, ஒரு சிவப்பு முத்திரை. நானும் சான்றிதழ் என்று நம்பிவிட்டேன். கட்டுநாயக்கவில் அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, இது பில்" என்றார், தமிழிலேயே.

அப்புறம் செடியை எடுத்து மேசையில் வைத்தார். வேரைச் சுற்றியிருந்த ஈரப்பாசியை விரலால் மெல்ல விலக்கினார். உள்ளே இருந்து ஓர் எறும்பு வந்தது. பின்னால் இன்னொன்று. மூன்றாவதன் வாயில் வெள்ளை முட்டை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது? செடியை வைத்துக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். ஒன்றே ஒன்று என்பதாலும், நானே எடுத்துக் காட்டியதாலும் அவ்வளவோடு போனது.

எல்லோருக்கும் அவ்வளவோடு போகும் என்று எண்ண வேண்டாம். தாளில்லாத செடி பறிமுதல்தான். நோய் பூச்சி இருந்தால் அழிப்பார்கள். எண்ணிக்கை கூடினால், ஒளித்து வைத்திருந்தால், தண்டப்பணமும் வழக்கும் வரும். சுங்கத்தில் உயிர்ப்பல்வகைமைக்கென்றே தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. காலுறைக்குள் சுருட்டி வைக்கும் வித்தையெல்லாம் அவர்கள் எத்தனையோ தரம் பார்த்தது.

இங்கே வந்தபின் பேர்மிட் எடுத்துக் கொடுக்கிறேன் என்றால்?

விடமாட்டார்கள். செடி புறப்பட்டபிறகு எழுதிய பேர்மிட்டைப் பொதுவாக ஏற்கக்கூடாது என்பது சைட்டிஸ் நாடுகளின் முடிவு.

காட்டில் பிடுங்கிய செடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தூக்கி வேரைப் பாருங்கள். தோட்டத்துச் செடியின் வேர் சட்டியின் வடிவத்தில் சுற்றியிருக்கும், நுனி பச்சையாக உயிரோடு இருக்கும். பொச்சோ கரியோ ஒட்டியிருக்கும். காட்டுச் செடியின் வேர் தட்டையாக இருக்கும், மரப்பட்டையோடு ஒட்டி வளர்ந்ததால். பிய்த்த இடத்தில் பட்டைத் துண்டு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். பாதி வேர் கத்தியால் வெட்டுப்பட்டிருக்கும். இலையில் பழைய பூச்சிக்கடி, வெயில் எரிந்த தழும்பு, சாம்பல் நிறப் பாசிப்படை. நர்சரிச் செடி பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். காட்டுச் செடிகள் சந்தைக்கு வந்த சனம்போல, ஒன்று பெரிது ஒன்று சிறிது.

கட்டாகக் கட்டி, எடைக்கு விற்றால் சந்தேகமே வேண்டாம்.

சென்னையிலிருந்து சித்தி ஒரு செடி தருகிறா. இந்தியா பக்கத்து நாடுதானே?

நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தாலும் அது எல்லைதான். மேலே சொன்ன தாள்கள் அத்தனையும் வேண்டும். இந்தியாவின் சொந்தச் சட்டமும் கடுமை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய ஆறாம் அட்டவணையில் ஆறே ஆறு தாவரப் பதிவுகள்தான் இருந்தன. அதில் மூன்று ஓர்கிட்: நீல வண்டா, சிவப்பு வண்டா, பாதணி ஓர்கிட்கள். 2022இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றியபோது சைட்டிஸ் இனங்களுக்கென்றே தனி அட்டவணை ஒன்றும் சேர்ந்தது.

அகத்தியர் இருப்பதாகச் சொல்லும் அந்தப் பொதிகை மலையில், மஞ்சள் பூப் பூக்கும் ஒரு பாதணி ஓர்கிட் உண்டு. பாஃபியோபெடிலம் துருரி. தென்னிந்தியாவில் வேறெங்கும் இயற்கையாக ஒரு பாதணி ஓர்கிட் இல்லை. 1970களில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காக அதைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கி, மலையில் அற்றுப்போகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. சித்தி தருவது அடுக்குமாடி பல்கனியில் வளர்ந்த சாதாரணக் கலப்பினமாகத்தான் இருக்கும், தெரியும். பாவம், அதை சித்தியிடமே விட்டுவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இங்கிருந்து லண்டனில் இருக்கும் மகளுக்கு வெசாக் ஓர்கிட் அனுப்பலாமா?

மே மாதத்தில், வெசாக்கை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். தாவரவியல் பெயர் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே. சப்ரகமுவ, களுத்துறைப் பக்கத்து ஈரக் காடுகளில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லை. மெல்லிய தண்டுகள் மரத்திலிருந்து கீழே தொங்க, நுனியில் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதைக் காக்கிறது. காட்டிலிருந்து எடுப்பதே குற்றம். அனுப்புவது அதற்கு மேல்.

இந்த நாட்டில் ஏறத்தாழ 190 ஓர்கிட் இனங்கள். அதில் ஐம்பதுக்கு மேல் இங்கே மட்டுமே உள்ளவை. மலைநாட்டுப் புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கும் நாகமரு அல என்கிற ஓர்கிட்டின் கிழங்கை வசிய மருந்துக்கென்று தோண்டித் தோண்டியே குறைத்துவிட்டார்கள். எந்தக் காதல் அதனால் கைகூடியதோ!

தோட்டத்தில் பெருக்கிய செடியை அனுப்பலாம், ஏற்றுமதி பேர்மிட்டும் சுகாதாரச் சான்றிதழும் எடுத்து. அந்தப் பக்கத்து விதிகளையும் பாருங்கள். உதாரணத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் (பிரித்தானியா இப்போது அதில் இல்லை) 2019 டிசம்பர் 14 முதல் பயணியின் பெட்டிக்குள் வரும் ஒற்றைச் செடிக்கும் சுகாதாரச் சான்றிதழ் கட்டாயம். மகளுக்கு ஒரு செடிதான் ஆசை என்றால், அங்கேயே ஒரு நர்சரியில் வாங்கிக் கொடுப்பது கூரியர் செலவைவிடக் குறைவு.

வெட்டிய பூ, மாலை, பூச்செண்டு?

தோட்டத்தில் பெருக்கிய இரண்டாம் பட்டியல் ஓர்கிட்டின் வெட்டிய பூவுக்குச் சைட்டிஸ் விலக்கு உண்டு. குவாரண்டைன் பார்க்கும். இது மூன்றாவது தரம். விமானத்தில் தந்த பூவை இறங்குமுன் இருக்கையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

இதற்காக யாராவது சிறைக்குப் போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள். 2004 ஜூனில் லண்டன் ஹீத்ரோவில் ஒருவர் நூற்றுக்கு மேற்பட்ட ஓர்கிட்களோடு இறங்கினார். தோட்டத்துக் கலப்பினங்கள் என்று தாள் வைத்திருந்தார். கியூ தாவரவியல் பூங்காக்காரர் வந்து பார்த்தால் பல செடிகள் காட்டுப் பாதணி ஓர்கிட்கள். போர்னியோத் தீவின் கினபாலு மலையில் மட்டுமே வளரும் ரொத்சைல்ட் ஓர்கிட்டும் அதில் இருந்தது. 2006இல் நான்கு மாதச் சிறை.

இன்னொன்று பெருவில் நடந்தது. 2002இல் ஓர் அமெரிக்கர் வீதியோரக் கடையில் ஊதா நிறத்தில் கையளவு பூவுடைய ஒரு பாதணி ஓர்கிட்டை வாங்கி, பேர்மிட் இல்லாமல் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார். மேரி செல்பி தாவரவியல் பூங்கா அவசர அவசரமாக அவர் பெயரையே சூட்டி அதை வெளியிட்டது: ஃபிரக்மிபெடியம் கோவாச்சி. பிறகு வழக்கு. பூங்கா குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 டொலர் தண்டம் கட்டியது. அவருக்கு 1,000 டொலர் தண்டமும் இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும். செய்தி பரவியபின் பெருவில் அந்தப் பூ இருந்த இடங்களை ஆட்கள் போய் வழித்துத் துடைத்தார்கள். தண்டம் கட்டியவர்கள் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அந்த மலைச்சரிவுக்குத்தான் நட்டம்.

அப்போ கொழும்பில் இருந்துகொண்டு நல்ல ஓர்கிட் எப்படி வாங்குவது?

இங்கேயே நிறைய இருக்கிறது. பத்தரமுல்ல, பெலவத்தைப் பக்கத்து நர்சரிகள், கொழும்பில் அவ்வப்போது நடக்கும் மலர்க் கண்காட்சிகள். ஏற்கெனவே முறைப்படி இறக்கிப் பெருக்கிய செடிகள், நம் வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் பழகியவை. விலை பாங்கொக்கைவிடக் கூட, ஒத்துக்கொள்கிறேன். விமானப் பெட்டிக்குள் பத்து மணித்தியாலம் புழுங்கி வந்த செடி பூக்க ஒன்றிரண்டு வருடம் எடுக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். பார்த்து ஆசை தீர்க்க மட்டும் என்றால் பேராதனைப் பூங்காவின் ஓர்கிட் வீட்டுக்கு ஒரு நாள் போய்வரலாம்.

யாரோ தந்த வெளிநாட்டுச் செடி வீட்டில் பல வருடமாக நிற்கிறது. தாள் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

உங்கள் பல்கனியைத் தேடி ஒருவரும் வரப்போவதில்லை. ஆனால் அதை விற்காதீர்கள், நாடு தாண்டி அனுப்பாதீர்கள், பிரித்து நட்டு நாலு பேருக்குக் கொடுக்குமுன் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இனி வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் பில்லையும் பேர்மிட் பிரதியையும் ஒரு ஃபைலில் போடுங்கள். சட்டியில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டியை எறிய வேண்டாம். மழை அதன் எழுத்தை இரண்டு வருடத்தில் அழித்துவிடும். பென்சிலால் எழுதினால் அழியாது.